அசையாத கை போட்ட பத்தொன்பது கையெழுத்துகள்

அனுப்புநர்:
1. கு. மருதாத்தாள் (வயது 54)
2. குப்பண்ணன் (வயது 59), மேற்படியாரின் கணவர்
வார்டு 7, தோட்டத்து வீடு, நெடுங்கள்ளிமேடு,
வேலந்தாவளம் வழி, சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், பாலக்காடு.

பொருள்: படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடி வந்து பார்க்கும் ‘கைத்தாங்கல்’ அறக்கட்டளையை அதன் அறைகளிலிருந்து வெளியேற்ற நெடுங்கள்ளிமேடு பஞ்சாயத்து அனுப்பியுள்ள நோட்டீஸை ரத்து செய்யவும், அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் பதிவேட்டில் என் கணவர் பெயரில் இடப்பட்டுள்ள பொய்க் கையெழுத்துகளை விசாரிக்கவும் கோருதல்.

பார்வை: 1. பஞ்சாயத்து நோட்டீஸ், நாள் 02.06.2025. 2. தகவல் உரிமைச் சட்டப்படி பெற்ற பதிவேட்டு நகல், நாள் 04.07.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் சித்தூரில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் தாலுகாவில் தமிழில் மனுக் கொடுக்க உரிமை இருப்பதால் தமிழில் எழுதுகிறேன். பதிலையும் தமிழிலேயே எதிர்பார்க்கிறேன். என் மகள் கிருத்திகா இதைத் தட்டச்சு செய்தாள். சில இடங்களில் வார்த்தை கடுமையாக இருக்கிறது, மாற்றிவிடலாம் என்றாள். மாற்ற வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

1. 2021 மார்ச் மாதம், தேங்காய் போட ஆள் கிடைக்காமல் என் கணவரே மரம் ஏறினார். மட்டையோடு சேர்ந்து கீழே விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்துவிட்டது. அன்று முதல் கழுத்துக்குக் கீழே அவருக்கு எதுவும் அசையாது. பேசுவார், சாப்பிடுவார், என்னைத் திட்டுவார். கை, கால், விரல் எதுவும் எழும்பாது. இதற்கான மருத்துவச் சான்று இணைப்பு 1-இல் உள்ளது.

2. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த இரண்டாம் மாதம் அவர் இடுப்பில் படுக்கைப் புண் வந்தது. ஒரு கோழிமுட்டை இறங்கும் அளவுக்குக் குழி. அதைப் பார்த்துவிட்டு எங்கள் உறவுக்காரர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். உள்ளே வந்தவர் கைத்தாங்கல் அறக்கட்டளையின் நர்ஸ் செல்வப்பிரியா. ஏழு மாதம் விடாமல் வந்து அந்தப் புண்ணை மூடியது அந்தப் பெண்தான். சிறுநீர்க் குழாய் மாற்றுவதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அவரே. வண்டி ஓட்டும் ஜிபின் கோட்டயத்துக்காரர். ஓட்டுவதோடு நிற்காமல், சட்டைக் கையை மடித்துவிட்டு என் கணவரைத் தூக்கி உட்கார வைத்துச் சவரமும் செய்துவிடுவார். எங்கள் வார்டிலும் பக்கத்து வார்டிலுமாக இப்படிப் பதினொரு வீடுகள் இருக்கின்றன.

3. அவர்களை நான் தலையில் தூக்கி வைத்து ஆடுவதாகத் தாங்கள் நினைக்க வேண்டாம். ஒருமுறை ஆண்டு மலருக்கென்று என் கணவரைப் படம் எடுத்தார்கள். அவர் உடுத்தியிருந்த நிலையைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில், எடுத்த படத்தை என் கண் முன்னாலேயே அழித்தார்கள். ஜிபின் அடிக்கும் ஹாரனுக்கு என் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதும் உண்டு. அதையெல்லாம் அவர்களிடமே பேசித் தீர்த்துக்கொண்டேன். போன வருடம் ஆடி மழையில் அவர்கள் வண்டி பழுதாகி மூன்று வாரம் வர முடியவில்லை. அந்த மூன்று வாரத்தில் பழைய புண் மறுபடி வாய் திறந்தது, காய்ச்சல் ஏறியது. அவர்கள் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

4. கைத்தாங்கல் இயங்குவது பஞ்சாயத்துக்குச் சொந்தமான பழைய பால் சொசைட்டி கட்டடத்தின் இரண்டு அறைகளில். ஆக்சிஜன் கருவி, காற்று மெத்தைகள், மருந்துத் துணி வேகவைக்கும் பாத்திரம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஜூலை 31-க்குள் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. சொல்லப்பட்ட காரணம்: அரசு வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தின் கீழ் எல்லா நோயாளிகளும் முழுமையாகப் பார்க்கப்படுகிறார்கள், ஆகவே தொண்டு நிறுவனத்தின் சேவை தேவையில்லை.

5. முழுமையாகப் பார்க்கப்படுவது யார் என்று கேட்க நான் பஞ்சாயத்து அலுவலகம் போனேன். செயலாளர் மரியாதையாகவே உட்காரச் சொன்னார். பிறகு, “ரெக்கார்டில் ஒப்பு உண்டல்லோ சேச்சி” என்றார். “ஏனுங்க சார், ரெக்கார்டு கெடக்கட்டுங்க, ஒருக்கா ஊட்டுக்கு வந்து மனுசனைப் பாருங்க” என்றேன். நேரம் கிடைக்கும்போது வருவதாகச் சொன்னார். இன்றுவரை நேரம் கிடைக்கவில்லை. அந்த ஒப்பு, அதாவது அந்தக் கையெழுத்து, யாருடையது என்று தெரிந்துகொள்ளத்தான் தகவல் உரிமைச் சட்டத்தில் பதிவேட்டு நகல் கேட்டு வாங்கினேன்.

6. 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை அரசு நர்ஸ் எங்கள் வீட்டுக்கு இருபத்திரண்டு முறை வந்ததாக அதில் இருக்கிறது. அவற்றில் மூன்று உண்மை. அந்த மூன்று இடங்களிலும் ‘மருதாத்தாள்’ என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மீதிப் பத்தொன்பது இடங்களிலும் ‘குப்பண்ணன்’ என்று கையெழுத்து இருக்கிறது. நான்கு வருடமாக ஒரு விரலைக்கூட அசைக்க முடியாதவர் பத்தொன்பது முறை பேனா பிடித்திருக்கிறார். அதுவும் மலையாளத்தில். நல்ல கை இருந்த காலத்திலேயே அவருக்கு மலையாளம் எழுத வராது ஐயா.

7. அந்தப் பத்தொன்பது தேதிகளையும் என் வீட்டு நாட்காட்டியோடு ஒத்துப் பார்த்தேன். கைத்தாங்கல் வந்து குழாய் மாற்றும் நாளை அதில் வட்டமிட்டு வைப்பது என் வழக்கம். பத்தொன்பதும் கைத்தாங்கல் வந்த நாட்கள். யாரை எப்போது பார்த்தோம் என்று அவர்கள் மாதா மாதம் மரியாதைக்காகப் பஞ்சாயத்துக்கு ஒரு பட்டியல் கொடுத்து வந்திருக்கிறார்கள். பஞ்சாயத்தில் அதைப் பார்த்து அப்படியே பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள் என்பது என் குற்றச்சாட்டு. சந்தேகம் இருந்தால் 15.09.2024-ஐப் பாருங்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, போதாக்குறைக்குத் திருவோணம். குழாய் அடைத்துக்கொண்டு அவர் துடித்ததால், ஓண விருந்து இலையைப் பாதியில் விட்டுவிட்டு ஜிபின் வண்டியை எடுத்து வந்தார். அன்று கேரளத்தில் எந்த அரசு அலுவலகம் திறந்திருந்தது? ஆனால் பதிவேட்டின்படி அன்றும் அரசு வந்திருக்கிறது, என் கணவரும் எழுந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

8. அரசு நர்ஸ் ரிஞ்சு அவர்கள் மீது எனக்குப் புகார் இல்லை. பதினாறு வார்டுக்கு அவர் ஒருவர்தான், வண்டி வாரத்தில் இரண்டு நாள்தான். வந்த மூன்று முறையும் முகம் சுளிக்காமல் வேலை செய்தார். நகலைக் காட்டியபோது, இது தன் எழுத்து இல்லை என்று என் வாசலில் நின்று அழுதார். விசாரணை என்ற பெயரில் அந்தப் பெண்ணை மாட்டிவிட்டுக் கோப்பை மூடினால், அதற்கு எதிராகவும் இதே போல ஒரு மனு எழுதுவேன்.

9. நகலை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். நெடுநேரம் சிரித்தார். பிறகு அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “இந்தக் கையி ஒருக்கா எந்திரிச்சிருந்தா மொதல்ல மூக்கைச் சொறிஞ்சிருப்பனுங்க. அப்புறமில்ல கையெழுத்து.” இதை அவருடைய வாக்குமூலமாக ஏற்றுக்கொள்ளக் கேட்கிறேன்.

10. அரசு வேண்டாம், தொண்டு நிறுவனமே போதும் என்று நான் சொல்லவில்லை. நாங்கள் வரி கட்டுகிறோம், ஓட்டுப் போடுகிறோம். எங்களைப் பார்ப்பது அரசின் கடமை, யாருடைய இரக்கமும் அல்ல. அரசு நர்ஸ் மாதம் நான்கு முறை வந்தால் நான்கு முறையும் காப்பி போட்டுக் கொடுப்பேன். ஆனால் அரசு வராத நாளில் வந்தவர்களின் வேலையை அரசின் பெயரில் எழுதிக்கொண்டு, அந்த எழுத்தைக் காட்டியே அவர்களை வெளியே தள்ளுவதற்கு என்ன பெயர்? எனக்குத் தெரிந்த பெயரை மனுவில் எழுத என் மகள் விடவில்லை.

11. ஆகவே, நோட்டீஸை உடனே ரத்து செய்ய வேண்டும். அந்த இரண்டு அறைகளும் கைத்தாங்கலிடமே இருக்க எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். மற்றப் பத்து வீடுகளின் பக்கங்களையும் சேர்த்துப் பதிவேடு முழுவதையும் வெளியாள் ஒருவரை வைத்துச் சோதிக்க வேண்டும். எங்கள் பஞ்சாயத்துக்கு இன்னொரு நர்ஸும் தினமும் ஓடும் வண்டியும் தர வேண்டும். அதன் பிறகு யார் தேவை, யார் தேவையில்லை என்பதைப் பதினொரு வீட்டிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

12. ஜூலை 31 அன்று பூட்டுப் போட ஆள் வந்தால், என் கணவரைக் கட்டிலோடு தூக்கிப் போய் அந்த அறை வாசலில் வைப்பேன். இது அவரே கேட்டுக்கொண்டது. தூக்க நான்கு பேர் போதும், நாற்பது பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதை மிரட்டல் என்று குறித்துக்கொண்டாலும் சரி. முன்கூட்டியே தெரிவிக்கவில்லை என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

தாங்கள் நேரில் வருவதானால் எந்த நாளும் வரலாம். வீட்டு வாசல் பூட்டுவதில்லை. அவர் எங்கும் போயிருக்க மாட்டார்.

இடம்: நெடுங்கள்ளிமேடு
நாள்: 14.07.2025

நீதி கேட்டு நிற்கும் மனுதாரர்கள்,

1. (ஒப்பம்) கு. மருதாத்தாள்

2. ............................ குப்பண்ணன்

இணைப்பு: மருத்துவச் சான்று, நோட்டீஸ் நகல், பதிவேட்டு நகல், நாட்காட்டித் தாள்கள் 12.

குறிப்பு: இரண்டாம் மனுதாரரின் இடம் தெரிந்தேதான் காலியாக விடப்பட்டுள்ளது. அவருக்காகப் பத்தொன்பது முறை கையெழுத்துப் போட்டவர் இருபதாவதை இங்கே, அவர் கட்டில் பக்கத்தில் நின்று, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போட்டுவிட்டுப் போகட்டும். பேனா நான் தருகிறேன்.