இரத்மலானை மழையில் நின்ற விமானம்

மச்சான்,

கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே தெரியாத மழையில் நீ விமானத்தை நிறுத்தினாய். "நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரியாது" என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு அறிவித்தாய். அதனால்தான் நானும் மனைவியும் மகளும் இன்றைக்கு வெள்ளவத்தையில் உயிரோடு இருக்கிறோம்.

இன்று காலையும் அதே மாதிரி மழை. வெங்காயக் கடை திறக்கப் புறப்பட்டவன் காலி வீதி நெரிசலில் என் வான் வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு விளக்கு கரைந்துபோயிருந்தது. ஈரமும் டீசல் புகையும் கலந்த மணம் உள்ளே வந்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். நீ போய் இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. களுபோவில ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

போரால் தரைப்பாதை மூடியிருந்த காலம் அது. யாழ்ப்பாணத்தில் அகப்பட்டிருந்த மனைவியையும் மகளையும் பலாலியிலிருந்து நீ ஓட்டிய சின்ன விமானத்தில் கூட்டிவந்தேன். என்னை உன் பக்கத்து இருக்கையில் ஏற்றினாய். "வெங்காய மூட்டை முன்னுக்கு இருந்தாத்தான் பிளேன் சமமா நிக்கும்." கொட்டாஞ்சேனைப் பள்ளியில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்த நாள் முதல் உன் வாய் அப்படித்தான்.

இரத்மலானையில் சக்கரம் தரையைத் தொட்டதும் மூச்சு விட்டேன். "இறங்கியாச்சு, இனிப் பயமில்லை."

நீ சிரிக்கவில்லை. "இனித்தான் பயம். மேல வானம் பெருசு. கீழ ரோட்டு ஒடுக்கம்."

ஓடுபாதையிலிருந்து திரும்பும்போதே மழை கொட்டியது. விமானம் தரிக்கும் இடத்துக்குக் கூட்டிப்போகும் மஞ்சள் கோடும், ஓடுபாதையைத் தாண்டிவிட்டோம் என்று காட்டும் குறுக்குக் கோடும் தண்ணீருக்குள் போய்விட்டன. நீ பிரேக்கை அழுத்தினாய். மடியில் விமான நிலையத்தின் வரைபடம், அதன்மேல் ஒரு விரல், கண் திசைகாட்டியில்.

"உன்ரை பக்கம் ஏதும் தெரியுதா? தெரியிறதை மட்டும் சொல்லு. நினைக்கிறதைச் சொல்லாதே."

அப்போதுதான் என் காதுக்கருவியில் இன்னொரு விமானியின் குரல் கேட்டது. எங்களுக்குப் பின்னால் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது.

"எடு மச்சான், முன்னுக்கு எடு!"

"எந்தப் பக்கம்?"

"எங்கயாவது!"

"எங்கயாவது எண்டு ஒரு இடம் இல்லையடா."

வலப்பக்கம் மங்கலாக ஒரு வெளிச்சம். "அந்தா ஜீப்! வழிகாட்ட வந்திட்டுது. அதுக்குப் பின்னால போ!"

"வெளிச்சம் எண்டு சொல்லு. ஜீப் எண்டு சொல்லாதே."

அடுத்த கணம் கோபுரத்துக்கு அந்தத் 'தெரியாது' என்ற வார்த்தையைச் சொன்னாய். ஓடுபாதையை விட்டு முழுதாக வெளியேறினேனா என்பதும் நிச்சயமில்லை, நகரமாட்டேன் என்றும் சொன்னாய். இந்த ஊரில் தமிழர் நாங்கள் சொல்லக்கூடாத வார்த்தை அல்லவா அது? எங்கிருந்து வருகிறாய், எங்கே தங்கியிருக்கிறாய், ஏன் வந்தாய் என்று சோதனைச்சாவடியில் கேட்டால் பதில் உடனே வரவேண்டும். தடுமாறினவனை வாகனத்தில் ஏற்றிக் கொண்டுபோய்விடுவார்கள். மகளுக்கு வீட்டு முகவரியைச் சிங்களத்தில் பாடமாக்கிக் கொடுத்தவன் நான். நீயோ தமிழ்ப்பெயரை வைத்துக்கொண்டு, துவக்குத் தூக்கிய படையினர் நிறைந்த இடத்தின் நடுவில் நின்று, எங்கே நிற்கிறேன் என்று தெரியாது என்கிறாய்!

உன் கையைப் பிடித்து இழுத்தேன். "உனக்கு விசரா? தெரியாதெண்டு சொல்லாதே! ஆமிக்காரன் கேட்டுக்கொண்டிருப்பான்."

கையை உதறிவிட்டு அதையே திரும்பச் சொன்னாய்.

கோபுரத்தில் இருந்தவர்கள் இறங்கவந்த விமானத்தை மேலே எழும்பிப் போகச் சொன்னார்கள். அதன் இரைச்சல் எங்கள் தலைக்குமேலால் போனது, இருக்கை அதிர்ந்தது. பின்னால் மகள் விழித்து "அப்பா" என்று அலறினாள். திரும்பிப் பார்க்க என் கழுத்து அசையவில்லை. வேறொரு குரல் அதட்டலாக வந்து, நீ யார், உள்ளே யார் யார் என்று கேட்டது. என் பெயரையும் சேர்த்து அவசரமில்லாமல் சொன்னாய். என் காற்சட்டை நனைந்தது மழையால் அல்ல. அது உனக்குத் தெரியும். நீ யாருக்கும் சொல்லவில்லை.

மழை மெலிந்ததும் பார்த்தோம். எங்கள் விமானத்தின் வால் இன்னமும் ஓடுபாதைக்குள்தான் இருந்தது. நான் ஜீப் என்று கூவிய வெளிச்சம் ஒரு பெரிய இராணுவ விமானத்தின் விளக்கு. அதன் விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தன.

உண்மையான ஜீப் பிறகுதான் வந்தது. துவக்கோடு இறங்கிய ஆமிப் பொடியன் உன் முகத்தை உற்றுப் பார்த்தான். "நிப்பாட்டினது நல்லது, மாத்தயா" என்று மரியாதையாகச் சிங்களத்தில் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான். அதன் மஞ்சள் விளக்கின் பின்னால் ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்தோம்.

வெளியே தேத்தண்ணீர்க் கடையில் உன் கோப்பை நடுங்கித் தட்டில் சிந்தியது.

"நீயும் பயந்தனியா?"

"பின்னே? நானென்ன கல்லா?"

"ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீ கதவைத் திறந்து குதிச்சிருப்பாய்."

மனைவிகூடச் சிரித்துவிட்டாள். அந்த மேசையில்தான் பேரம் பேசினோம். இரண்டு நிபந்தனைகள் உன்னுடையவை. வியாபாரி சும்மா எழும்புவானா, ஒன்றை நானும் வைத்தேன். அதற்கு நீ ஒரு திருத்தம் போட்டாய். கைகொடுத்து முடித்தோம். நீ இல்லாமலும் அதை மீறவில்லை. இன்று காலை பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்துத் திட்டத் திட்ட, மழை விடும்வரை வானை எடுக்கவில்லை. பயந்தேன் மச்சான். வான் நின்றபிறகுதான் சொல்கிறேன்.

பேசி முடித்தது இதுதான்: தெரியாவிட்டால் தெரியாது என்று நான் சொல்லவேண்டும். நீ நிறுத்தினால் நான் அவசரப்படுத்தக்கூடாது. பயம் வந்தால் இருவரும் மறைக்காமல் சொல்லவேண்டும், ஆனால் வண்டி நின்றபிறகு.