முன் இருக்கைக்கு எத்தனை கிலோ?

மவூன்,
4 ஜூலை 1997

என் அன்பான சியாமோ அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று சேபெலோ சொன்னாள். "அக்கா நல்லாத்தான் இருக்காங்க அண்ணே. உங்க பேரைச் சொன்னப்போ வெங்காயம் நறுக்குற கத்தியை மட்டும் கீழ வைக்கல" என்றாள். நீ சமைக்கிற சுற்றுலா முகாமுக்கு முட்டைக்கோஸும் காஸ் சிலிண்டரும் ஏற்றிப் பறக்கிற பெண், இனி நம் தபால்காரியும் அவள்தான். ரேடியோவில் கூப்பிடலாம். ஆனால் நாம் பேசினால் சதுப்பிலுள்ள அத்தனை முகாமும் டீயை ஆறவிட்டுக் காது கொடுக்கிறது. போன வாரம் "மசேகோ, இன்னும் கோபமா?" என்று கேட்டேன். எந்த முகாமிலிருந்தோ ஓர் ஆண்குரல், "கோபம்தான் ஐயா, ஓவர்" என்றது.

மே மாத விவகாரத்துக்குப் பிறகு, இந்தப் பருவம் முழுக்க உங்கள் பக்கத்துக் குட்டி ஓடுதளங்களில் நான் இறங்கக் கூடாது என்று தலைமை விமானி சொல்லிவிட்டார். பாலைவனச் சுற்று என் தலையில். நாலு பேரை ஏற்றிக்கொண்டு உப்புவெளி, அங்கிருந்து கலஹாரி, திரும்ப மவூன். உப்புவெளியில் இறங்குவதற்கு முன் தாழப் பறந்து தீக்கோழிகளை விரட்டினேன். மூன்று ஓடின, நாலாவது நின்று என்னை முறைத்தது. உன் ஞாபகம் வந்தது. கலஹாரியில் களைப்பில், சக்கரத்தைச் சுற்றி முள் வெட்டி அடைக்காமல் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் கழுதைப்புலி இடது டயரைக் காலைப் பலகாரமாகத் தின்றிருக்கிறது. இருபது வருஷ அனுபவசாலி, மாற்று டயர் வரும்வரை சுற்றுலாக்காரர்களுக்கு ஒட்டகச்சிவிங்கி ஜோக் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரித்தார்கள், பாவம், வேறு வழியில்லை.

இங்கே பக்கத்து வீட்டுக் கழுதை நம் கொடியில் காய்ந்த என் சீருடைச் சட்டையில் பாதியைத் தின்றுவிட்டது. நீ இருந்திருந்தால் அதற்குத் தைரியம் வந்திருக்காது.

உன் முகாம் முதலாளி உனக்கு வருஷம் முழுக்க வேலை தருகிறாராமே? தனி வீடும் உண்டாமே? செப்டம்பர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டுமாம். ரேடியோவில் கேட்டேன், என்னோடு சதுப்பு முழுக்கக் கேட்டது. இதுவரை மூன்று மாதம் அங்கே, ஒரு மாதம் வீட்டில் என்று இருந்தாய். அந்த ஒரு மாதமும் போய்விட்டால் எனக்கு என்ன மிச்சம்? அன்றைக்கு விமானத்திலிருந்து இறங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு நேரே முகாம் சமையற்கட்டுக்குப் போனவள், இன்னும் வீட்டுக்கு வரவில்லை. பயமா? பயம் என்றால் சொல். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை வீட்டுக்கு வா.

என் பெயருக்கு 'நான் தனியாள்' என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷமாக எனக்கு அது மறந்தே போயிருந்தது.

உன்,
கெனோசி

*

மொகோபா முகாம்,
11 ஜூலை 1997

மதிப்புக்குரிய விமானி ஐயா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் தக்காளிக் கூடைக்குள் நசுங்கி வந்து சேர்ந்தது. சட்டை போனதற்கு வருந்துகிறேன். கழுதைக்கு வயிறு சரியாக இருக்கிறதா?

இங்கே வெள்ளம் சமையற்கட்டுப் படி வரை ஏறிவிட்டது. நேற்று குரங்குகள் ரொட்டி மாவைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டன. விருந்தாளிகள் எல்லோரும் படம் பிடித்தார்கள். "சட்டியையாவது குடுங்கப்பா!" என்று நான் கத்தியதையும் சேர்த்துத்தான்.

பயம் என்று தங்களுக்கு யார் சொன்னது? அன்றைக்குக் கிளம்பும்போதே விமானத்தின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது, எச்சரிக்கை மணி அலறியது, மரத்து இலை சக்கரத்தில் சிக்கியது, தாங்கள் ஒரு வட்டம் அடித்துத் திரும்ப இறக்கினீர்கள். இதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் மரத்தைப் பார்க்கவில்லை. முன் இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த டச்சுக்காரி தங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கடைசி வரிசையில், அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவில். இன்னொரு விருந்தாளி கழிப்பறைக்குப் போயிருந்தார், எஞ்சின் கிளப்பவில்லை. தாங்கள் அவளிடம் கதை சொன்னீர்கள். எட்டு வயதில் காணாமல் போன எருதைத் தேடி உப்புவெளிக்குள் போனதும், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுபோல இருந்ததால் வீடு எந்தத் திசை என்று தெரியாமல் போனதும், இருட்டில் மல்லாந்து படுத்து அழுததும். "ஐயோ பாவம்" என்று அவள் தங்கள் கையைத் தொட்டாள்.

நான் தங்களுக்கு மனைவியாகி இருபத்திரண்டு வருஷம். அந்தக் கதையைத் துணி மூட்டையில் காதை வைத்து ஒட்டுக்கேட்க வேண்டியிருந்தது.

பயணிகளில் மனதுக்குப் பிடித்தவர்களைத்தான் பக்கத்தில் உட்கார வைப்பீர்கள் போலிருக்கிறது. எனக்கு எப்போதுமே கடைசி வரிசை. வீடு தருகிறார்கள் என்றால் வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை.

இப்படிக்கு,
திருமதி மசேகோ

*

உப்புவெளிக் கூடாரம்,
22 ஜூலை 1997

மசேகோ,

'தாங்கள்' என்று எழுதியிருக்கிறாய். உனக்குக் கோபம் வந்தால்தான் எனக்கு மரியாதை கிடைக்கிறது. இந்தக் கடிதத்தில் கிடைத்தது இன்னும் ஐந்தாறு வருஷத்துக்குக் காணும்.

கடவுளே, முன் இருக்கையா விஷயம்! நான் எஞ்சின், மரம், பயம் என்று என்னவெல்லாமோ யோசித்துக்கொண்டிருந்தேன்.

கேள். முன் இருக்கை கௌரவமும் இல்லை, காதலும் இல்லை. எங்கள் குட்டி விமானத்தில் அதிக எடை உள்ளவர் முன்னால், எடை குறைந்தவர் பின்னால். பின்பக்கம் கனத்தால் வால் தொங்கும், மூக்கு தூக்கும், விமானம் என் பேச்சைக் கேட்காது. அதனால்தான் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் எடை கேட்கிறேன். என் பக்கத்தில் இதுவரை உட்கார்ந்தவர்கள் யார் யார் தெரியுமா? கசாப்புக் கடைக்காரர்கள், ஓய்வு பெற்ற நீதிபதிகள், ஓர் ஆஸ்திரிய மல்யுத்தக்காரன். அவன் தூங்கி என் தோளில் எச்சில் வடித்தான். அவனை நான் காதலிக்கவில்லை.

டச்சுக்காரி தொண்ணூற்று நாலு என்றாள். உன்னைக் கேட்டேன். எல்லோர் முன்னாலும் கண் இமைக்காமல் எழுபத்தெட்டு என்றாய். குறித்துக்கொண்டேன். எழுபத்தெட்டு கிலோவுக்கு எங்கள் விமானத்தில் கடைசி வரிசைதான்.

இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு உயிர் மேல் ஆசை உண்டு.

உன் (மரியாதைக்குரிய)
கெனோசி

*

மொகோபா முகாம்,
5 ஆகஸ்ட் 1997

சியாமோ அப்பாவுக்கு,

படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சேபெலோ பயந்துபோய், "அக்கா, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். "எழுபத்தெட்டு கிலோக்காரி ஒருத்தி செத்துட்டா" என்றேன். அவளிடம் உங்கள் கணக்கைக் கேட்டேன். "ஆமாக்கா, கனமானவங்க முன்னாடிதான். உங்களுக்குத் தெரியாதா? விமானியோட பொண்டாட்டி நீங்க!" என்று சிரிக்கிறாள். ஊரில் கழுதைக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்கு யார் சொன்னார்கள்? ஒவ்வொரு விடுமுறைக்கும் கிலோ கிலோவாகக் குறைத்துச் சொல்லி, நானே என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இத்தனை நாள் துணி மூட்டை குறைவாக இருந்ததால் தப்பித்தோம் போல.

சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. சேபெலோ இன்னொன்றும் சொன்னாள். தலைமை விமானி விசாரித்தபோது நீங்கள், "எடைக் கணக்கில் தப்பு செய்தது நான்" என்று மட்டும் சொல்லி, என் பெயரே எடுக்கவில்லையாம். அதற்காக அழுதேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால், ஐயா, ஓடுதளத்தில் இறங்கி வருகிற சுற்றுலாக்காரனைத் தூரத்தில் பார்த்தே "தொண்ணூற்றொன்று, பொய் சொல்லி எண்பத்தைந்து என்பான்" என்று கணக்குச் சொல்கிறவர் நீங்கள். என்னை மட்டும் எப்படி நம்பினீர்கள்? உள்ளே ஐந்து பேர் இருந்தோம். என் பொய்க்கு மரியாதை கொடுத்து எல்லோரையும் மரத்தில் சொருகப் பார்த்தீர்களா?

இன்னொன்று. அந்த எருதுக் கதையைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, நான் விடவும் போவதில்லை. வீட்டுக்கு வந்தால் உங்கள் வாய் கொட்டாவிக்கு மட்டும்தான் திறக்கும். சாப்பாடு, செய்தி, தூக்கம். நம் பிள்ளை சியாமோ வேலைக்குத் தலைநகர் போன பிறகு அந்த வீட்டில் நான் பேசுவது ரேடியோவோடுதான். இங்கே இருபது பேர் இருக்கிறார்கள். சண்டையாவது போடுகிறார்கள். முதலாளி தருகிற வீடு சின்னதுதான். ஆனால் அதில் யாரும் என் பேச்சைக் கேட்கவில்லை என்ற குறை இருக்காது, ஏனென்றால் யாருமே இருக்கமாட்டார்கள்.

அந்த ஊர் பேர் தெரியாத அம்மாளிடம் சொன்னதை என்னிடம் ஏன் சொல்லவில்லை? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். ஜோக் வேண்டாம்.

மசேகோ

*

மவூன்,
19 ஆகஸ்ட் 1997

மசேகோ,

ஜோக் வேண்டாம் என்றாய். கையைக் கட்டிப்போட்டு எழுதச் சொன்னதுபோல இருக்கிறது. முயல்கிறேன்.

நீ எழுபத்தெட்டு என்றபோதே அது பொய் என்று எனக்குத் தெரியும். மூன்று அந்நியர்கள் முன்னால் "இல்லை" என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த நிமிடம் நான் விமானி இல்லை, வெறும் புருஷன். புருஷர்களிடம் விமானத்தைக் கொடுக்கக் கூடாது. தலைமை விமானி என்னைப் பாலைவனத்துக்கு அனுப்பியது சரிதான். அவர் திட்டியது போதாது என்றுகூட நினைக்கிறேன்.

இப்போது நீ கேட்டது. அந்த மாதிரி ஆட்களிடம் சொல்லலாம். நாலு நாளில் போய்விடுவார்கள். நான் அழுத கதையையும் கூடவே எடுத்துக்கொண்டு போய் ஆம்ஸ்டர்டாமில் தொலைத்துவிடுவார்கள். உன்னிடம் சொன்னால் நீ ஞாபகம் வைத்திருப்பாய். அடுத்த நாள் சாதம் பரிமாறும்போது என்னை அந்தப் பையனாகப் பார்ப்பாய். எனக்கு அது கூச்சமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக உன்னைச் சிரிக்க வைத்தே ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். சிரிப்பு தீர்ந்துபோன நாட்களில் தூங்கினேன்.

இவ்வளவுதான். இதை எழுதி முடிக்க நாலு தாள் கிழித்தேன். காற்றுக் கொந்தளிப்பில் பறப்பது இதைவிடச் சுலபம்.

செப்டம்பர் 14 அன்று பாலைவனச் சுற்றில் மூன்று பேர்தான் வருகிறார்கள். ஓர் இடம் காலி. கூட்டிக்கொண்டு வர அலுவலகத்தில் அனுமதி கேட்டுவிட்டேன். சேபெலோ உன்னை மவூனுக்கு ஏற்றி வருவாள். உப்புவெளியை நீ பார்த்ததே இல்லை. இந்த நாட்டில் பிறந்து, என்னைக் கட்டிக்கொண்டு, நீ அதைப் பார்க்காமல் இருந்தது என் தப்பு. அந்த வேலையில் சேருகிறாயா இல்லையா, நான் கேட்கப் போவதில்லை. சேர்ந்தாலும் வா.

ஆனால் எடை வேண்டும். ரேடியோவில் சொல்லாதே.

கெனோசி

*

மொகோபா முகாம்,
2 செப்டம்பர் 1997

கெனோசி,

விருந்தாளிகளின் பைகளை நிறுக்கிற தராசை ஓடுதளத்திலிருந்து சமையற்கட்டுக்குத் தூக்கி வரச் சொன்னேன். எல்லோரையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வைத்தேன். "அக்கா, நாங்க பாக்கல, ஆனா முள் நகர்ற சத்தம் கேக்குது" என்றான் ரொட்டி சுடுகிறவன். அவனுக்கு இன்று ராத்திரி வெறும் கஞ்சிதான்.

நூற்றேழு.

செருப்பு இல்லாமல். செருப்போடு நூற்றெட்டு. பதினாலாம் தேதிக்குள் குறைப்பேன் என்று நம்பாதே, இங்கே காலையில் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகளை நான்தான் சுடுகிறேன், சுடுகிறவள் ருசி பார்க்காமல் முடியாது. இதை நீ உன் தாளில் இப்படியே எழுத வேண்டும், ஒரு கிலோகூடக் குறைக்காமல். அன்றைக்கு உன்னைவிட அதிக வெட்கத்தில் நான் இருந்தேன், ஐந்து உயிர் ஆபத்தில் மாட்டியதற்கு நான்தான் முதல் காரணம். அது எனக்குத் தெரியும். இனிமேல் உனக்குத் தெரியாத எடை என்னிடம் இல்லை.

நூற்றுப்பத்துக் கிலோ அமெரிக்கன் யாராவது கடைசி நேரத்தில் வந்தால் அவனைச் சேபெலோவிடம் அனுப்பிவிடு. முன் இருக்கை எனக்கு.

வேலைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, கெனோசி. வெறுப்பில் போக நினைத்தது வேறு, பிடித்துப் போக நினைப்பது வேறு. இது எது என்று எனக்கே சரியாகப் புரியவில்லை. அதை உன்னிடம் சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். வீட்டில் முடியாது, அங்கே உன் கட்டில் இருக்கிறது.

விமானத்தில் காதில் மாட்டிப் பேசுகிற கருவி எனக்கும் ஒன்று வை. நான் பேசும்போது என் பக்கம் திரும்ப வேண்டாம். நீ பேசும்போதும் வேண்டாம், கூச்சமாக இருக்கும் என்றாயே. முன்னால் பார்த்தே ஓட்டு. பேசினால் போதும்.

மசேகோ