நகத்தில் நின்ற மை

பாப்பிரெட்டிப்பட்டி,
திங்கட்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

மணிமேகலை எழுதுகிறேன். ஆத்தாவும் நம் மகள் கவிப்பிரியாவும் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக என் கட்டைவிரலை எலுமிச்சைத் தோலும் பாத்திரப் பொடியும் போட்டுத் தேய்த்தேன். தோலில் கொஞ்சம் வெளுத்தது. நகத்தில் இருந்த மை அசையவில்லை. பிறகு உங்களுக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கிழமையிலிருந்து அதே பதில்தான், தொடர்பு எல்லைக்கு வெளியே.

அந்த வெள்ளிக்கிழமை நம் இருவருக்கும் தேர்தல் வேலை. உங்களுக்கு பஸ்தர் காட்டில் வாக்குச்சாவடிக் காவல், எனக்குச் சித்தேரி மலைப் பள்ளியில் மை வைக்கும் வேலை. முந்தின நாள் நீங்கள் போனில் சொன்னதே காதில் இருந்தது. ஓட்டுப் போட்ட விரலை வெட்டுவோம் என்று நக்சல்கள் மரத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு பெண் உங்களிடம் வந்து, மை எத்தனை நாளில் போகும் என்று கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினீர்களாம்.

அந்த நினைப்பில், வந்தவர்களுக்கெல்லாம் கடுகளவு புள்ளிதான் வைத்திருக்கிறேன். சின்னக்கா என்ற அம்மா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் டீச்சர், மலைக்காரின்னா இத்துனூண்டுதானா? கீழ இருக்கறவங்களுக்கு மட்டும் கோடு இழுப்பீங்களா?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். சாவடித் தலைமை அலுவலர் சந்திரமோகன் சார், "மை என்ன உங்க வூட்டுதா டீச்சர், இப்படி மிச்சம் புடிக்கறீங்க?" என்றார். வரிசையே சிரித்தது. நீளமாக இழுத்துவிட்டேன். அந்த அம்மா விரலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டிக்கொண்டே போனார். இழுத்த வேகத்தில் என் கட்டைவிரலிலும் மை.

தேர்தல் வந்தால் ஏன் வெடியும் வருகிறது என்று யோசித்தபடியே இருக்கிறேன். மற்ற நாளில் ஓர் ஊர் யார் பக்கம் என்று வாய் திறக்காமல் இருந்துவிடலாம். அன்று விரல் சொல்லிவிடுகிறது. அரசாங்கமும் அதைப் பார்க்கிறது, காட்டில் இருப்பவர்களும் அதையே பார்க்கிறார்கள். நம் பக்கத்துச் சுவர்களிலும் ஒரு காலத்தில் தேர்தலைப் புறக்கணிக்கச் சொல்லி எழுதியிருந்ததாக அப்பா சொல்வார். சின்னக்காவுக்கு அது ஞாபகம் இருக்குமோ என்னவோ.

சனிக்கிழமை செய்தியில், பஸ்தரில் ஓட்டு இயந்திரத்தோடு திரும்பிய வண்டிக்கு அடியில் வெடித்ததாகச் சொன்னார்கள். காயம்பட்ட இரண்டு வீரர்களின் பெயர் சொல்லவில்லை. உங்கள் படை அலுவலகத்தில் கேட்டால், "டவர் இல்லீங்க, அவ்ளோதான்" என்கிறார்கள். நான் டிவி ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டேன். ஆத்தா, "கேபிள்காரனுக்குப் போன் போடு மணி, எம் புள்ள டிவில வருவான்" என்று மூன்று நாளாகக் கேட்கிறார்.

மை எத்தனை நாளில் போகும் என்று உங்களிடம் கேட்ட அந்தப் பெண்ணை மறுபடி பார்த்தால், நகத்தில் பட்டது மாதக்கணக்கில் நிற்கும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பொங்கலுக்கு வந்தபோது விருப்ப ஓய்வுப் படிவத்தை நிரப்பி பீரோவில் வைத்து, நான் சரி என்றால்தான் கையெழுத்து என்றீர்கள். மகள் படிப்பு முடியட்டும் என்று தடுத்தவள் நான்தான். இன்று அதை எடுத்து இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். ஆத்தாவிடமும் சொல்லவில்லை, கவிப்பிரியாவிடமும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். மூன்று மாதத்தில் விடுவார்களாம். நகம் வளர்ந்து, இந்த மை நுனிக்கு வந்து, நான் வெட்டி எறிவதற்குள் வீடு வந்து சேருங்கள்.

உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்,
மணிமேகலை