டைகர் மேல் விழுந்த பழி

அக்டோபர் 14, 1996. திங்கள்

விடியற்காலையில் தூறல். நாளைக்கு மாட்டாஸ்பத்திரி, மறக்கக் கூடாது.

டைகருக்கு இன்னும் கூடிவிட்டது. அடிவயிறு, தொடையிடுக்கு எல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. சொறிந்து சொறிந்து ஒரு இடத்தில் ரத்தம். பெயர்தான் டைகர். நூல் திருட்டுப் போகிறதென்று தறிக்குடோன் காவலுக்கு அப்பா கொண்டுவந்தது. ஆள் நூல் கோன் உயரம். கரண்ட் போய்த் தறி நின்றால் பயந்துபோய் என் காலுக்குள் புகுந்துகொள்கிறது. நல்ல காவல்.

அம்மா வேப்பெண்ணெய் பூசிவிட்டாள். எல்லாவற்றையும் நக்கித் தின்றுவிட்டு வாசலில் கக்கியது.

என் கையிலும் அதே மாதிரிதான். இரண்டு மணிக்கட்டிலும், உள்பக்கமாக. அம்மாவுக்கு மட்டும் தெரியும். நாயைத் தூக்கித் தூக்கித்தான் வந்தது என்கிறாள். எனக்கு ஆடியிலேயே வந்துவிட்டது, டைகர் வந்தது புரட்டாசியில்தானே என்றேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

15, செவ்வாய்

மாட்டாஸ்பத்திரி. எனக்கு முன்னால் ஒரு சினை எருமை. கையில் நாய்க்குட்டியோடு நின்றது நான் ஒருத்திதான். எருமைக்காரர் சிரித்தார்.

டாக்டர் பிளேடால் தோலைச் சுரண்டி, கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். சொறிப்பூச்சி இல்லையாம். மனுசருக்கு ஒட்டாதாம். அலர்ஜியாக இருக்கலாம், எதனால் என்று ஒவ்வொன்றாக விலக்கித்தான் பார்க்கணும் என்றார்.

- முட்டை, பால், கருவாடு நிறுத்தணும்.
- மாத்திரை அரை அரை, இரண்டு வேளை.
- வேப்பெண்ணெய் கூடாது (அம்மாவிடம் யார் சொல்வது).
- படுக்கையை மாற்றணும்.

எங்கே படுக்கிறது என்று கேட்டார். குடோனில், கழிவு நூல் குவியல் மேல் என்றேன்.

"கலர் நூலுங்களா?"

ஆமாங்க என்றேன். என் கையைப் பார்த்தார். தாவணியை இழுத்து மூடிக்கொண்டேன். மாட்டு டாக்டரிடம் போய் என் கையை நீட்டுவதா?

வரும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். ஆடி வரைக்கும் எங்களுக்கு வெள்ளை நூல்தான். ஆடியில்தான் வியாபாரி கலர் நூல் கொடுக்க ஆரம்பித்தார். தறி நாடாவில் வைக்கிற தார்க்குச்சிக்கு நூல் சுற்றுகிறவள் நான். சாயங்காலம் கை கழுவினால் தண்ணீர் ஊதாவாகப் போகும்.

18, வெள்ளி

மழை. பிற்பகல் முழுக்கக் கரண்ட் இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் அடுத்த ஞாயிறு வருகிறார்களாம். பல்லடம் பக்கம். அம்மா சொன்ன வரிசை: தறி இருபத்திநாலு, தோட்டம், கிணறு, மாடி வீடு. பையனைப் பற்றிக் கடைசியில், அதுவும் நான் கேட்ட பிறகு. எனக்கு இருபத்தாறு முடிகிறது. முன்னால் வந்த இரண்டு இடமும் தட்டிப்போய்விட்டது. அம்மா சரியாகத் தூங்குவதில்லை, தெரிகிறது.

டெய்லரிடம் ஜாக்கெட்டுக் கை நீளமாக வைக்கச் சொல்லியாயிற்று. வளையல் இரண்டு டஜன். மணிக்கட்டு மறைய.

டைகருக்குக் கோணிச்சாக்கு மடித்துச் சமையலறை ஓரம் போட்டேன். முகர்ந்து பார்த்துவிட்டு என்னை முறைத்தது.

22, செவ்வாய்

டைகர் வயிறு வெளுத்து வருகிறது. சொறிவதும் குறைந்தது. சந்தோஷத்தில் அம்மாவுக்குத் தெரியாமல் முட்டை கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

23, புதன்

காலையில் சாக்கில் ஆளைக் காணோம். மறுபடியும் குடோனில், நூல் குவியலுக்குள் மூக்கு மட்டும் தெரிய. மழைக் குளிருக்கு அதுதான் கதகதப்பு. சாயங்காலம் பார்த்தால் வயிறெல்லாம் புதுசாகத் தடிப்பு.

இதற்கு மேல் என்ன வேண்டும்? அம்மாவைக் கூப்பிட்டு அதன் வயிற்றையும் என் கையையும் காட்டினேன். நாயில்லைங்கம்மா, நூல்தான் என்றேன். அம்மா இரண்டையும் பார்த்தாள். அப்புறம் கதவைச் சாத்தினாள்.

"எனக்குத் தெரியாதா கண்ணு? நாயின்னா நாயோட போயிரும். நூலுன்னா உனக்குத்தான் சீக்குன்னு ஆகிப்போகும். தறி இல்லாத ஊடு நமக்கு எங்க கெடைக்கும், சொல்லு?"

அம்மா மேல் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பாவுக்குத் தெரியாது. தீபாவளிச் சரக்கு அவசரம். ஆள் சாப்பிடுவதே நின்றுகொண்டுதான்.

25, வெள்ளி

கொடுமுடி மாமா வந்தார், அம்மாவின் தம்பி. விசேஷத்துக்குத் தேங்காய், வாழை இலை. போகும்போது டைகரைக் கொண்டுபோகச் சொல்லி அம்மா முன்பே ஏற்பாடு செய்திருக்கிறாள். எனக்கு மட்டும்தான் தெரியாது.

தேங்காய் வந்த பையிலேயே வைத்தார். அழும் என்று நினைத்தேன், அழவில்லை. தலையை வெளியே நீட்டி என் மணிக்கட்டை நக்கியது. எரிந்தது. மாமா, "பயப்படாத அம்மணி, ஆத்தோரம் நம்ம தோட்டத்துல ஓடிட்டுக் கெடக்கும்" என்றார். பஸ் வரும் வரைக்கும் நின்றேன். மாத்திரையையும் கொடுக்க மறந்துவிட்டேன்.

டைகரின் சோற்றுத் தட்டு கழுவாமல் கிடக்கிறது.

27, ஞாயிறு

வெயில். வந்தார்கள், ஒன்பது பேர். கேசரியில் சர்க்கரை தூக்கல்.

பையன் அமைதி. அப்பாவிடம் கரண்ட் கட் பற்றிக் கேட்டார். கெட்டவராகத் தெரியவில்லை. அது இன்னும் சங்கடமாக இருக்கிறது.

அவருடைய அம்மா பூ வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். வளையல் மேலே ஏறிவிட்டது.

"இதென்னங் கண்ணு கையில?"

அம்மா முந்திக்கொண்டாள். "நாய்க்குட்டி ஒண்ணு இருந்துச்சுங்க. அதனால வந்ததுங்க. அதையத்தான் அனுப்பிப்போட்டமுங்க."

அப்படிங்களா என்று கையை விட்டார். அதற்கப்புறம் எல்லாரும் நாய்களைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் வீட்டிலும் இப்போது கலர் நூல்தான் ஓடுகிறதாம், புள்ளைக்குத் தார் சுற்றப் பழக்கம் இருப்பது நல்லதாப் போச்சு என்றார் அந்தம்மா. நான் தலையாட்டினேன். நான்தான் ஆட்டினேன், யாரும் பிடித்து ஆட்டவில்லை.

வாயில்லாத ஜீவன் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கேசரி பரிமாறினேன். வெட்கமாக இருக்கிறது.

30, புதன்

பிடித்திருக்கிறதாம். பக்கத்து வீட்டுப் போனில் சொன்னார்கள். தீபாவளி கழித்து உறுதி செய்யலாமாம். அம்மா அழுதாள், சிரித்தாள், எனக்குக் களிம்பு பூசினாள்.

தடிப்பு முழங்கையைத் தாண்டிவிட்டது. நாய் போன பிறகு.

நவம்பர் 3, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. மத்தியானம் மாமா வந்தார். முதலில் டைகரைத்தான் கேட்டேன். வயிறு சுத்தமாக ஆறிவிட்டதாம். மருந்து எதுவும் போடவில்லையாம். கோழிகளைத் துரத்திக்கொண்டு, ஆற்று மணலில் புரண்டுகொண்டு, முடி பளபளவென்று இருக்கிறதாம். அம்மா உடனே, பாத்தியா, உனக்கும் போயிரும் என்றாள்.

அப்பா அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். வளையலை எல்லாம் கழற்றித் தரையில் வைத்தேன். இரண்டு கையையும் அவர் முன்னால் நீட்டினேன்.

"நாய் வர்றதுக்கு முன்னாலயே வந்ததுங்கப்பா. கலர் நூல் வந்தப்ப. நாய் போயும் போகலீங்க."

அப்பா சோற்றைப் பிசைந்த கையோடு பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். குடோனில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"பல்லடத்துக்காரங்களுக்கு என்னன்னு சொல்லட்டும் சாமி?"

"உள்ளதைச் சொல்லுங்கப்பா."

அப்பா சாப்பிடாமல் எழுந்து கை கழுவினார். நாளை தோல் டாக்டரிடம் போகலாம், அங்கிருந்து அப்படியே பல்லடம் போய் வருகிறேன் என்றார். கோபமா, வருத்தமா, தெரியவில்லை. அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. இந்த இடமும் போகலாம்.

மாமா கிளம்பும்போது, டைகரை வேண்டுமானால் அடுத்த தடவை கொண்டுவரட்டுமா என்றார்.

வேண்டாங்க மாமா, அங்கேயே இருக்கட்டும் என்றேன்.