திரும்பி வந்த காது மிஷின் பில்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஐதராபாத்திலிருந்து சிந்துஜா. முதுநகரில் மழை விட்டதா? உங்களுக்கும் அம்மாவுக்கும் உடம்பு தேவலையா?

எனக்கு வேலையில்தான் எரிச்சல். அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களில், என்ன பரிசோதனை செய்தார்கள் என்று காட்டும் எண்ணைப் போட்டு இன்சூரன்ஸுக்கு அனுப்புவதுதானே என் வேலை. அமெரிக்கப் பெரியவர் ஒருவரின் காது மிஷினை, டாக்டர் சோதனைப் பெட்டிக்குள் வைத்து மட்டும் பார்த்திருக்கிறார். நான் அவசரத்தில், காதில் மாட்டிப் பார்த்ததற்கான எண்ணைப் போட்டு பில் அனுப்பிவிட்டேன். இன்சூரன்ஸ்காரர்கள் திருப்பிவிட்டார்கள். டீம் லீடர் நம் பண்ருட்டிக்காரர்தான். எல்லார் முன்னாலும், "காதுல மாட்டாமலே மாட்டுனேன்னு சொல்லுவியா?" என்று கத்தினார்.

எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. என்னிடம் "தினமும் போட்டுக்கிறேன்" என்கிறீர்கள். உங்கள் காது மிஷின் டப்பாவை விட்டே வெளியே வரவில்லை என்கிறாள் அம்மா.

ஷிப்ட் வண்டி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். மிஷினை மாட்டிக்கொண்டு நீங்களே எடுங்கள். அம்மாவிடம் கொடுக்காதீர்கள்.

சிந்துஜா