எட்டுக்கு முத்திரை இல்லை

உக்கடம், கோவை
புதன்கிழமை

அன்பு மகள் அஃப்ஷீனுக்கு அத்தாவின் அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் நானும் உன் அம்மாவும் சுகம், அம்மாவின் முட்டிவலிகூட இந்த வாரம் எங்களோடு சண்டை போடவில்லை. பின்லாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். போனில் பேசினால் சொல்ல வந்ததில் பாதி மறந்துபோகும், அதனால்தான் தாளில் எழுதுகிறேன், அம்மா படம் பிடித்து அனுப்புவாள்.

கண்ணு, போன வாரம் நான் உனக்குச் சொன்னது தப்பு. இம்பாக்ட் ஃபேக்டர் உள்ள பத்திரிகையில் கட்டுரை வந்தால்தான் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுக்க முடியும், பேராசிரியர் சொன்ன பத்திரிகை ஆறு மாதம் இழுக்கும், இன்னொன்று பத்தே நாளில் போடுகிறேன் என்கிறது என்று நீ அழுதாயே, நான் உடனே அந்தப் பத்து நாள் பத்திரிகையைப் போனில் தேடினேன். அதன் பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் இம்பாக்ட் ஃபேக்டர் 8.2 என்று பெரிதாகப் போட்டிருந்தது. எட்டு பெருசு, அதுலயே குடு என்று சொல்லிவிட்டேன், நீயும் அனுப்பிவிட்டாய். முப்பது வருஷமாகத் தராசு ரிப்பேர் செய்கிறவன் பேசுகிற பேச்சா அது?

நேற்று ஒரு கோழிக்கடைக்காரர் தராசு கொண்டுவந்தார். அரசாங்க முத்திரை இல்லை, ஆனால் பெயின்ட்டில் ‘சரியான எடை’ என்று எழுதியிருந்தது. கேட்டால், “நானே எழுதிப்போட்டேனுங்க பாய், சரியாத்தான் இருக்குமுங்க” என்கிறார். சிரிக்க வாயைத் திறந்தவனுக்கு உன் 8.2 ஞாபகம் வந்துவிட்டது. கடையைச் சாத்திவிட்டுக் கல்லூரி நூலகத்துக்கு ஓடினேன். அங்கே நூலகராக இருக்கிற நம் சாயிரா பானு கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னாள்: “பத்திரிகை தன்னைப் பத்தித் தானே சொல்றத நம்பக் கூடாதுங்க மாமா. வருஷா வருஷம் வர்ற இம்பாக்ட் ஃபேக்டர் பட்டியல்ல பேரும், ஒவ்வொரு பத்திரிகைக்கும் தனியாக் குடுக்குற ஐ.எஸ்.எஸ்.என். நம்பரும் இருக்கணுமுங்க.” பத்து நாள் பத்திரிகை பட்டியலிலேயே இல்லை கண்ணு. பேராசிரியர் சொன்னது இருக்கிறது, 2.3. இவ்வளவுதானா என்றேன். முந்தைய இரண்டு வருஷத்தில் அதில் வந்த கட்டுரைகளை, அடுத்த வருஷம் மற்றவர்கள் சராசரியாக எத்தனை தடவை எடுத்துக்காட்டினார்கள் என்பதுதான் அந்தக் கணக்காம். நம் உக்கடம் குளத்து ஆகாயத்தாமரை சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று நீ எழுதியதை, முகம் தெரியாத இரண்டு பேர் நம்பி எடுத்துச் சொன்னால் அது சின்ன விஷயமா? எனக்கு அங்கேயே மனசு நிறைந்துவிட்டது.

ஆறு மாதம் போனால் போகட்டும், பதறிய காரியம் சிதறும். பத்து நாள் பத்திரிகைக்காரர்கள் வெள்ளிக்கிழமைக்குள் கேட்டிருக்கிற ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாதே, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று இன்றே எழுதிவிடு. நேரத்துக்குச் சாப்பிடு, காது மூடித் தூங்கு. அல்லாஹ் உன் உழைப்பில் பரக்கத் செய்து பெருக்கித் தருவான்.

ஒன்றை மறக்காதே. அத்தா சொல்லிவிட்டாரே என்று இதையும் அப்படியே நம்பாதே, உன் நூலகத்தில் நீயே ஒரு தடவை பட்டியலைப் பார். அத்தா சொல்லுக்கும் முத்திரை வேண்டும்.

உன் அத்தா,
அக்பர் அலி