பெயரைத் தவிர

மார்ச் 4, செவ்வாய்

ஏழு மணிக்கு ரஷ்ய வகுப்பு. அதற்கு முன், ஐந்தரைக்கு, ஒரு சடலம். அண்ணன் தம்பி இருவர், நடுவில் ஒரு மதில், அண்ணன் கையில் மண்வெட்டி. தம்பியின் தலையில் மூன்று வெட்டு. மூன்றாவது தேவையில்லாதது என்றார் இன்ஸ்பெக்டர். குறித்துக்கொண்டேன். அங்கிருந்து நேராகக் காபிக் கடைக்கு வந்தேன். செருப்பில் ஈரம் இருந்தது. வாசல் மிதியடியில் நன்றாகத் தேய்த்த பிறகே உள்ளே போனேன்.

மாஸ்டர் மெஷினுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "சார் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, இன்னைக்கு யாரோ போய்ச் சேந்துட்டாங்க. ஸ்ட்ராங்கா போட்டுரவா?"

டீச்சர் வழக்கம்போலச் சுவரோரம், வாசலைப் பார்த்த நாற்காலியில். அந்த மொழியில் ஓர் எழுத்து இருக்கிறது. 'இ'யும் இல்லை, 'உ'வும் இல்லை. ஐந்து வாரமாக எனக்கு வரவில்லை. "அடிவயித்துல ஒரு குத்து வாங்கின மாதிரி நினைச்சுக்கிட்டுச் சொல்லுங்க சார்" என்றார். சொன்னேன். "ம்ஹூம். இது கொசு கடிச்ச சத்தம். யெஷ்சோ ராஸ்." இன்னொரு தடவை என்று அர்த்தம். பன்னிரண்டு தடவை சொல்லவைத்தார்.

மார்ச் 7, வெள்ளி

ஐம்பத்தொன்பது வயதில் ரஷ்யன் எதற்கு என்று அலுவலகத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். முப்பத்தொரு வருடமாக நான் எழுதிய குற்றச் செய்திகளில் மொத்தம் நானூறு சொற்கள்தான் இருக்கும். வெட்டு, குத்து, சடலம், முன்விரோதம், தப்பியோட்டம். இவற்றையே மாற்றி மாற்றி அடுக்கியிருக்கிறேன். இந்த நானூறும் எனக்குத் தெரியாத ஒரு மொழி வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

இன்று எட்டாம் பாடம், சமையலறைப் பொருட்கள். லோஷ்கா, கரண்டி. வில்கா, முள்கரண்டி. ச்சாஷ்கா, கோப்பை. அடுத்த படம் கத்தி. "டீச்சர், இது மட்டும் வேண்டாமே" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் உள்ளங்கையால் படத்தை மூடிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். "எனக்கும் வேண்டாம் சார்."

படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் எதையும் விடமாட்டேன். மருந்துச் சீட்டு, பொட்டலம் கட்டிவந்த தாள், அடுத்த வீட்டுத் தபாலில் இருக்கும் முத்திரை, எல்லாம். டீச்சர் ஒரே ஒரு தடித்த ரஷ்ய நாவலைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறார். செய்தித்தாள் தொடுவதில்லை. "நிறுத்தி நாலு வருஷமாச்சு சார். கோவிச்சுக்காதீங்க."

மார்ச் 11, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. பேருந்து நிலையக் கழிப்பறையில் ஒரு கை கிடைத்தது. கை மட்டும்.

மார்ச் 14, வெள்ளி

டீச்சர் எப்போதும் இடது கையால்தான் பக்கம் புரட்டுவார். வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காது. இன்று கேட்டேவிட்டேன். கேட்பதுதானே என் பிழைப்பு.

மடங்காத விரல்களை மேசைமேல் நீட்டி வைத்து, கடைச் சாமான் விவரம் சொல்வதுபோலச் சொன்னார். "கதவிடுக்குல வச்சு அடிச்சாரு சார், என் வீட்டுக்காரர். நாலு தடவை. என்னையே எண்ணச் சொன்னாரு. நீதான் ரஷ்யா போய் ஆறு வருஷம் படிச்சவளாச்சே, அந்த பாஷையிலயே எண்ணுன்னாரு." எண்ணியிருக்கிறார். அதீன், துவா, த்ரீ, ச்செத்தீரி. எனக்கு இரண்டாம் பாடத்தில் சொல்லித்தந்த அதே எண்கள்.

மறுநாள் போட்டிருந்த செருப்போடு கிளம்பியவர். நான்கு வருடத்தில் மூன்று ஊர். இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்த்துப் பிழைக்கிறார். "இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்காரு. கிடைச்சா முடிச்சிருவேன்னு எங்க அண்ணன்கிட்ட சொல்லியிருக்காரு."

"உங்க பேரை நான் எங்கயும் போடமாட்டேன் டீச்சர்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் அதைக் கேட்கவே இல்லையே.

மார்ச் 20, வியாழன்

எடிட்டர் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், வாயில் மட்டும் என் அப்பன்.

"ஞாயித்துக்கிழமை ஆறாம் பக்கம் காலியா இருக்குய்யா. கட்டுரை தரேன்னவரு கையை விரிச்சுட்டாரு. கொலை இல்லாம ஒண்ணு எழுத வருமா உனக்கு?"

"முயற்சி பண்றேன்."

"சின்னதா ஒரு அடிதடிகூட வரக் கூடாது. உன் போட்டோவோட போடுறேன்."

இரண்டு மணி நேரத்தில் எழுதி முடித்தேன். காலைக் காபி, என் படிக்கும் பழக்கம், இந்த வயதில் ரஷ்யன். கை அவ்வளவு லேசாக ஓடி நான் பார்த்ததில்லை. கடையின் பச்சை ஷட்டர், எதிரே தையல்கடை, ஏழு அடிக்கும் மணிக்கூண்டு, அது அடித்து ஓய்வதற்குள் உள்ளே வந்துவிடும் டீச்சர், மடங்காத இரண்டு விரல், இடது கையால் புரளும் பக்கம். பாதிக்கப்பட்டவர் பெயரைப் போடக்கூடாது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. போடவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

வந்துவிட்டது. மனைவி ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். பணி முடிந்து வந்து, கைகூடக் கழுவாமல் நின்றபடியே படித்தாள்.

"நல்லா இருக்குங்க. பேரைத் தவிர எல்லாத்தையும் எழுதிட்டீங்க. இனி கண்ணைக் கட்டி விட்டாலும் அந்தக் கடைக்குப் போய்ச் சேந்துரலாம்."

கல்யாணமான இத்தனை வருடத்தில் என் எழுத்தை அவள் பாராட்டியது இது மூன்றாவது முறை.

மார்ச் 25, செவ்வாய்

கட்டுரையைக் கத்தரித்து உறையில் போட்டு டீச்சரிடம் நீட்டினேன். ஆச்சரியப்படட்டும் என்று.

இரண்டு தடவை படித்தார். காபியில் ஆடை படர்ந்தது.

"இந்தப் பேப்பர் எந்தெந்த ஊருக்குப் போகும் சார்?"

"போகாத ஊரே இல்லை டீச்சர்." பெருமையாகத்தான் சொன்னேன்.

தாளைக் குப்புறக் கவிழ்த்து, அதன்மேல் கோப்பையை வைத்தார். எழுந்து பறந்துவிடும் என்பதுபோல. "என் விரலை எதுக்கு சார் எழுதினீங்க?"

"பேரு போடலையே டீச்சர்."

"அவருக்கு என் பேரு தெரியும் சார். தெரியாதது இடம் ஒண்ணுதான்."

பாடம் நடக்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

வந்தார். காலடியில் ஒரு பை. ஊரை விட்டுப் போவதாகச் சொன்னார். பாதி முடித்த கையேடு ஒன்று கையில் இருக்கிறதாம். அதைப் போட்டுவிட்டுப் போகலாமா என்று யோசனை. பயந்த மனிதரைப் பேசித் தேற்றுவதில் எனக்குத் திறமை உண்டு. எத்தனை பிணவறை வாசலில் செய்திருக்கிறேன்.

"ஆறாம் பக்கத்தை யாரு டீச்சர் படிக்கிறாங்க? மறுநாளே பொட்டலம் மடிச்சிருவாங்க."

"பொட்டலத்தாளைக்கூட விடாம படிக்கிற ஆளு ஒருத்தர் எனக்கு முன்னாடியே உக்காந்திருக்காரே" என்றார். சிரிப்பு வந்துவிட்டது இருவருக்கும். "சரி, கையேட்டை முடிச்சிடுறேன். செவ்வாக்கிழமை வரேன். அப்புறம் பாக்கலாம்."

பையை எடுத்துக்கொண்டு அறைக்கே திரும்பிப் போனார். நான் தடுத்துவிட்டேன் என்று திருப்தியாக இருந்தது.

ஏப்ரல் 1, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். டீச்சருக்கு உயிர் இருக்கிறது. இன்னும் இருக்கிறது.

நான்தான் சொன்னேன். நானேதான் சொன்னேன்.

ஏப்ரல் 3, வியாழன்

ஒழுங்காக எழுத வேண்டும். நேரப்படி.

செவ்வாய் காலை 6.45. கடையில் நான், மாஸ்டர். ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயது, இஸ்திரி போட்ட வெளிர்நீலச் சட்டை, பையில் மடித்த செய்தித்தாள். என்னைப் பார்த்தார், தாளை விரித்துப் படத்தைப் பார்த்தார்.

"சார், நீங்கதானே இது?"

"நான்தான்."

"என்ன எழுத்து சார்! அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது."

வாசலுக்கு முதுகு காட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டேன். நான் இழுத்துப் போட்டேன். அவருக்கு ஒரு காபி சொன்னேன்.

"டீச்சர் இன்னைக்கு வருவாங்களா சார்?"

"ஏழு அடிச்சா உள்ளே இருப்பாங்க. மணிக்கூண்டு தப்பினாலும் அவங்க தப்பமாட்டாங்க."

காபியை அடிவரை குடித்தார். கோப்பையை ஓசையில்லாமல் வைத்தார். "ரெண்டு விரல்னு சரியா எழுதியிருக்கீங்க. பாத்து எண்ணியிருக்கீங்க" என்றார்.

பாராட்டு என்று சிரித்தேன். சிரித்து முடிக்கும்போதுதான் அவன் யாரென்று எனக்கு உறைத்தது. மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. டீச்சர் வாசலில் நின்றார். 'ஓடுங்க' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் எழுந்துவிட்டான்.

முதல் குத்து தோளுக்குக் கீழே. இரண்டாவது வயிற்றில், இடது பக்கம். மூன்றாவது கழுத்துக்கு வந்தது. நடுவில் என் கை போயிற்று. உள்ளங்கையில் நுழைந்து புறங்கையில் வெளியே தெரிந்தது. என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த எழுத்து. இத்தனை வாரமாக வராத எழுத்து முதல் தடவையாகச் சரியாக வந்தது. நான்காவது அவர் முழங்கையில். ஐந்தாவது மறுபடி வயிற்றில். எண்ணிக்கொண்டிருந்தேன். ரத்தம் கொட்டுது, நான் எண்ணிக்கிட்டு நிக்கிறேன். என்ன பிறவி நான்?

மாஸ்டர் கல்லாவைத் தாண்டி வந்து, ஆவி பறக்கும் பால் ஜக்கை அவன் முகத்தில் கொட்டினார். விழுந்தவனை அதே ஜக்கால் தலையில் அடித்தார். மூன்று அடி. மூன்றாவது தேவையில்லாததுதான். "இன்னும் போடுங்க மாஸ்டர், கொல்லுங்க அவனை" என்று கத்தியது நான்.

அன்று காலைப் பணி என் மனைவிக்கு. நாலரை மணி நேரம் கழித்து ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்து முகமூடியை இறக்கினாள். "மண்ணீரலை எடுத்தாச்சு. பொழைச்சுக்குவாங்க." என் கைக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னதை அவள் மறுபடி சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 4, வெள்ளி

என் இடத்தில் இப்போது குற்றச் செய்தி பார்க்கும் பெண் நேற்று மாலை போன் செய்தாள். "எந்த ஆஸ்பத்திரி சார்? எந்த வார்டு?"

"போடாதம்மா."

"நீங்கதானே சார் சொல்வீங்க, இடம் இல்லாத செய்தி தலை இல்லாத முண்டம்னு?"

கட்டுப் போட்ட கையோடு அலுவலகம் போய், பக்கம் அச்சுக்குப் போகும்வரை எடிட்டர் மேசை முன்னால் நின்றேன். இன்று நான்கு வரி வந்தது. இடம் இல்லை. மற்ற இரண்டு தினசரிகள் வார்டு எண் வரை போட்டிருந்தன. இன்று மதியமே அவரை வேறு வார்டுக்கு மாற்றவைத்தாள் மனைவி.

ஏப்ரல் 9, புதன்

அவன் கைதாகி உள்ளே இருக்கிறான். காவல் நிலையத்தில் என் வாக்குமூலம். சட்டையின் நிறம், கத்தியின் நீளம், ஐந்து குத்தும் விழுந்த வரிசை, எல்லாம் சொன்னேன். இன்ஸ்பெக்டர் எழுத்தரிடம், "சாட்சின்னா இவரு மாதிரி இருக்கணும்யா" என்றார்.

நாற்காலி இழுத்துப் போட்டதைச் சொல்லவில்லை. ஏழு மணிக்கு வருவார் என்று நான் சொன்னதைச் சொல்லவில்லை. மாஸ்டர் அப்போது பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். கேட்டிருக்க வாய்ப்பில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

டீச்சரைப் பார்க்க அனுமதித்தார்கள். தலையணையில் சாய்ந்திருந்தார். அந்த நாவல் மடியில், திறக்காமல். ஸ்டூலில் உட்காராமல் நின்றபடியே சொல்லிவிட்டேன். "டீச்சர், நீங்க ஏழு மணிக்கு வருவீங்கன்னு அவன்கிட்ட சொன்னது நான். காபி வாங்கிக் குடுத்தேன். போலீஸ்ல அதை மறைச்சுட்டேன்."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் சார். நான் வாசப்படி ஏறும்போது நீங்க அவரைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டிருந்தீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அந்தச் சிரிப்பைப் பாத்துதான் பயமில்லாம உள்ளே வந்தேன்."

அப்புறம், "போயிட்டு வாங்க சார்" என்றார். 'வாங்க' என்பது வழக்கத்துக்குச் சொன்னது.

காவல் நிலையம் போய் வாக்குமூலத்தில் அந்த இரண்டையும் சேர்த்தேன். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

ஜூன் 12, வியாழன்

அவனுக்கு ஜாமீன். டீச்சர் ஊரை விட்டுப் போய் மூன்று வாரம். எங்கே என்று மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

வலது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கிறது.

ஒரு தபால் வந்தது. உறையில் கையெழுத்தைக் கண்டதும் தெரிந்துவிட்டது. தழும்பு உள்ள கையை முத்திரைமேல் அழுத்தி வைத்துக்கொண்டே உள்ளே கொண்டுவந்து, மறு ஓரத்தைக் கிழித்தேன். ஒரே ஒரு தாள். எட்டாம் பாடம், அவர் கையால் எழுதியது. மேலே 'யெஷ்சோ ராஸ்'. லோஷ்கா, வில்கா, ச்சாஷ்கா. நான்காவதாக ஒரு படம், பக்கத்தில் அன்று விட்டுப்போன சொல். நோஷ், கத்தி. வேறு ஒரு வரியும் இல்லை.

நான்கையும் வாய்விட்டுப் படித்தேன். பிறகு மறுபடியும்.

மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். "எங்கேருந்து வந்திருக்கு?"

"தெரியாது."

"முத்திரை இருக்குமே. நீங்க படிக்காத முத்திரையா?"

உறையைக் குப்புறப் பிடித்தபடி எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தேன். முத்திரை இருந்த மூலை முதலில் எரிந்தது. சாம்பல் ஆகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் அவள் அதே தீயில் காபிக்குத் தண்ணீர் வைத்தாள்.